ஃபிரீமெர்கி: தலை இல்லாத தபால்தலை

ஐஸ்லாந்து மொழியில் தபால்தலைக்குப் பெயர் 'ஃபிரீமெர்கி'. 'மெர்கி' என்றால் குறி. தமிழாக்கும்போது 'ஃபிரீ' என்பதை 'இலவசம்' என்று எழுதினால் பொருள் கெட்டுவிடும். அங்கே எந்தக் கடிதமும் இலவசமாகப் போகவில்லை. தபால்தலை வருவதற்கு முன்பு பெரும்பாலும் கடிதத்தைப் பெறுபவர்தான் காசு கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். 1840-ல் பிரிட்டன் முதல் தபால்தலையை வெளியிட்ட பிறகு, கட்டணத்தை அனுப்புபவரே முன்கூட்டிச் செலுத்தும் வழக்கம் நாடு நாடாகப் பரவியது. பெறுபவருக்குப் பாக்கி இல்லை என்பதைத்தான் 'ஃபிரீ' சொல்கிறது. 'கட்டணம் தீர்ந்த குறி' என்று மொழிபெயர்த்தால் சரியாக இருக்கும். அப்போது ஐஸ்லாந்தை ஆண்ட டென்மார்க்கின் மொழியிலும் இதே அமைப்பில் ஒரு சொல் உண்டு.

தபால்தலை சேகரிப்பைக் குறிக்கும் 'பிலாட்டலி' என்ற சொல்லுக்குள்ளும் இதே எண்ணம் இருக்கிறது. 1864-ல் பிரெஞ்சுக்காரர் ஜார்ஜ் எர்பேன் இதை உருவாக்கினார். அதற்கு முன் இந்தப் பழக்கத்தை 'தபால்தலைப் பித்து' என்ற பொருள்படும் சொல்லால் அழைத்தார்கள். எர்பேன் கிரேக்கத்திலிருந்து அன்பைக் குறிக்கும் 'ஃபிலோஸ்', வரியில்லாமையைக் குறிக்கும் 'அடெலேயா' என்ற இரண்டையும் சேர்த்தார். கிரேக்கம் படித்தவருக்கு மட்டும் விளங்கும் இந்தப் பொருளை, ஐஸ்லாந்தில் தபால் நிலையத்துக்குப் போகும் சிறுவன்கூடத் தன் வாயால் சொல்கிறான். அந்தச் சொல்மீது எனக்குள்ள பிரியத்துக்கு இதுவே காரணம்.

தமிழ் வேறு வழியில் போனது. நாம் பார்த்தது ராணி, ராஜாக்களின் தலை. அதனால் 'தபால்தலை', 'அஞ்சல்தலை'. இலங்கையில் 'முத்திரை' என்பார்கள். தமிழ்நாட்டில் முத்திரை என்றால் தபால்தலைமீது குத்தும் தேதி அடையாளம். எழுதும்போது இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது.

ஐஸ்லாந்தின் முதல் தபால்தலைகளில் தலையே கிடையாது. 1873 ஜனவரி 1-ல், ஸ்கில்லிங் என்ற அன்றைய நாணய மதிப்பில் வெளிவந்த தலைகளை உருப்பெருக்கிக்கு அடியில் வைத்துப் பாருங்கள்: முட்டை வடிவத்துக்குள் ஒரு பெரிய எண், மேலே கிரீடம், சுற்றிலும் எழுத்து. அந்த எழுத்தில் 'போஸ்ட்ஃபிரீம்.' என்ற சுருக்கம் தெரியும். நாம் பேசிக்கொண்டிருக்கும் சொல்லேதான், இடம் போதாமல் பாதியில் நிற்கிறது. 1876-ல் நாணயம் அவுரார் கணக்குக்கு மாறியதால் ஸ்கில்லிங் தலைகளின் ஆயுள் மூன்றரை ஆண்டுதான். அவற்றைக் கடிதத்தின் மேல் ஒட்டியபடியே காண்பது மிக அரிது. 1874-ல் ரெய்க்யாவிக்கிலிருந்து கிழக்குக் கரையிலுள்ள எஸ்கிஃபியோர்துருக்குப் போன ஓர் உறையில் இப்படி 23 தலைகள் இருக்கின்றன. பழைய பைபிள் ஒன்றுக்குள் கிடைத்ததால் அதற்கு 'பைபிள் கடிதம்' என்று பெயர். பெறுபவர் ஒரு காசும் தர வேண்டாம் என்பதற்காக, இருபத்துமூன்று குறிகள்.

மன்னரின் தலை வந்தது 1902-ல்: டென்மார்க் மன்னர் ஒன்பதாம் கிறிஸ்டியன். எண் போட்ட பழைய தலைகள் மீது 'ஈ கில்டி' என்று மேலச்சு செய்தார்கள். 'செல்லுபடியாகும்' என்று பொருள். அந்த மேலச்சின் பிழைகளைத் தேடுவதற்கென்றே சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். 1907-ல் வந்த தலைகளில் இரண்டு மன்னர்கள், இரண்டு தலைகள்.

இனி சேகரிப்பாளர்களின் இன்னொரு சொல், 'பிளேட் பிளாக்'. இதிலுள்ள 'பிளேட்' என்பதைத் 'தட்டு' என்று எழுதுவது தவறு. தட்டில் சோறு போடுவோம். இங்கே பிளேட் என்பது அச்சுத் தகடு. ஒவ்வொரு தகட்டுக்கும் ஓர் எண் உண்டு. அது தாளின் ஓரத்தில் அச்சாகும். அந்த எண் உள்ள ஓரத்தோடு பிரிக்காமல் எடுக்கும் தலைகளே, பெரும்பாலும் நான்கு, பிளேட் பிளாக் ஆகும். 'தகட்டெண் தொகுதி' என்பது என் பரிந்துரை. ஒரே வெளியீட்டின் வெவ்வேறு மதிப்புத் தலைகளையும் சிலர் 'தொகுதி' என்கிறார்கள். அதை 'வரிசை' என்று வைத்துக்கொண்டால் குழப்பம் தீரும். ஓரத்தைக் கிழித்துவிட்டால் அது தகட்டெண் தொகுதி அல்ல, வெறும் நான்கு தலைகள்.