'உயிருள்ள உணவு' சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு டாக்டரின் புலம்பல்

"ஹீமோகுளோபின் நார்மல்தானே டாக்டர், அப்புறம் எனக்கு என்ன சத்துக்குறை?" என்று கேட்டார் அண்மையில் வந்த ஓர் அம்மா. நாற்பது வயதுகூட ஆகவில்லை. அடுப்பைப் பற்றவைப்பதை நிறுத்திவிட்டு வெகுநாளாக 'உயிருள்ள உணவு' என்ற பெயரில், எதையும் சமைக்காமல் பழம், தேங்காய், முளைகட்டிய பயறு, கோதுமைப்புல் சாறு என்றே இருக்கிறார். பால், மோர்கூடக் கிடையாது. பஞ்சு மேல் நடப்பதுபோல இருக்கிறது என்றுதான் வந்தார். நரம்பைச் சோதிக்க, தட்டினால் அதிரும் உலோகக் கவையான டியூனிங் ஃபோர்க்கைத் தட்டிக் கணுக்கால் எலும்பில் வைத்து, அதிர்வது தெரிகிறதா என்றேன். "வச்சுட்டீங்களா?" என்றார். முழங்காலில் வைத்தபோதுதான் தெரிந்தது. நரம்புக்கும் ரத்தத்துக்கும் வேண்டிய வைட்டமின் பி12 பெரும்பாலும் பால், முட்டை, இறைச்சி வழியாகத்தான் கிடைக்கும்; அவருக்கு அது அதலபாதாளத்தில் இருந்தது.

இதே கதையோடு இன்னும் எத்தனை பேர் வருவார்களோ தெரியவில்லை. ஒவ்வொருவரிடமும் தொண்டை வறளச் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் அந்த ஹீமோகுளோபின் கேள்வி. பச்சைக் கீரையிலும் பயறிலும் ஃபோலேட் என்ற இன்னொரு பி வைட்டமின் ஏராளம். பி12 தீர்ந்துபோனாலும் ஃபோலேட் தாராளமாக இருந்தால் ரத்தசோகை தலைகாட்டாமல் போகலாம். நரம்பு மட்டும் சத்தமில்லாமல் கெட்டுக்கொண்டே போகும். ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது என்று நீங்கள் நிம்மதியாக இருக்கும் காலம்தான் ஆபத்தான காலம்.

இந்த உணவுமுறை ஏதோ நம் சித்தர்கள் சொன்னது என்று பலர் நம்புகிறார்கள். இப்போது காணொளிகளில் சுற்றும் வடிவம் அப்படி வந்ததல்ல. சுவிட்சர்லாந்தில் பிர்ச்சர் பென்னர் என்ற மருத்துவர், சூரிய ஒளியின் ஆற்றல் பச்சைத் தாவரங்களில்தான் நிறைந்திருக்கிறது என்று சொல்லி, 1904-ல் சூரிக்கில் ஒரு சிகிச்சை இல்லம் கட்டினார். இன்று கடைகளில் விற்கும் மியூஸ்லி அவருடையதுதான். துருவிய ஆப்பிள், ஊறவைத்த ஓட்ஸ், கொட்டைகளோடு அதில் கண்டென்ஸ்டு மில்க்கும் ஊற்றினார் என்பதை யாரும் சொல்வதில்லை. பிறகு அமெரிக்காவின் பாஸ்டனில் லித்துவேனியாவிலிருந்து வந்த ஆன் விக்மோர் இதைப் பாலும் இல்லாத முழுச் சைவமாக்கி, 'உயிருள்ள உணவு' என்று பரப்பினார். கோதுமைப்புல் சாற்றைப் பிரபலமாக்கியவர் இவர்தான். பைபிளில் நெபுகாத்நேச்சார் மன்னன் புல் தின்ற கதைதான் தனக்குத் தூண்டுதல் என்றார். விலங்குப் பொருள் கூடாது, சுமார் 46 முதல் 48 டிகிரி செல்சியஸுக்கு மேல் எதையும் சூடாக்கக் கூடாது, முளைகட்டு, ஊறவை, புளிக்கவை. கொள்கை இவ்வளவுதான்.

காந்தியும் 1929-ல் சமைக்காத உணவைச் சோதித்துப் பார்த்து, தன் 'யங் இந்தியா' வார இதழில் எழுதினார். சில மாதங்களில் சீதபேதி வந்து கைவிட்டார். இந்தப் பாதியை மட்டும் வாட்ஸ்அப்பில் யாரும் அனுப்புவதில்லை.

சரி, என்னை மிகவும் எரிச்சல்படுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். என்சைம். "சமைத்தால் என்சைம் செத்துவிடும் டாக்டர், பச்சையாகச் சாப்பிட்டால் அந்த என்சைமே செரித்துவிடும், கணையத்துக்கு ஓய்வு கிடைக்கும்." எட்வர்ட் ஹவல் என்ற அமெரிக்க மருத்துவர் சொல்லி வைத்தது, இன்றைக்குப் பள்ளிப் பிள்ளைகூட ஒப்பிக்கிறது. என்சைம் என்பது உயிர்களுக்குள் வேதிவினைகளை வேகப்படுத்தும் ஒரு புரதம். பயறில் உள்ள புரதம் வயிற்றில் என்ன ஆகுமோ, பயறில் உள்ள என்சைமும் பெரும்பாலும் அதுவேதான் ஆகும். அமிலத்தில் உருக்குலைந்து, வயிற்றில் சுரக்கும் பெப்சின் என்ற என்சைமால் துண்டாகி, சிறுகுடலில் அமினோ அமிலமாக உறிஞ்சப்படும். முளைப்பயறின் என்சைம் இருப்பது அதன் முளை வளர்வதற்கு. உங்கள் மதியச் சாப்பாட்டைச் செரிக்க அல்ல. உங்களுக்கு வேண்டியதைக் கணையம் நாள்தோறும் புதிதாகச் சுரக்கிறது. அது ஒன்றும் பேங்க் டெபாசிட் இல்லை, எடுத்தால் தீர்ந்துபோக. அந்த 48 டிகிரி கணக்கும் எல்லா என்சைமுக்கும் பொருந்தாது. முளைவிட்ட பார்லியில் மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் என்ற என்சைம் 60 டிகிரியைத் தாண்டித்தான் சுறுசுறுப்பாக வேலை செய்யும்; பீர் காய்ச்சுகிறவர்களைக் கேளுங்கள். விதிவிலக்கு உண்டு, மறைக்கவில்லை. முட்டைக்கோஸ், முள்ளங்கி வகையில் அவற்றின் காரமான பொருளை உண்டாக்கும் ஒரு என்சைம் நறுக்கும்போதும் மெல்லும்போதுமே வேலையை முடித்துவிடுகிறது. அதற்காகக் கொஞ்சம் பச்சை முள்ளங்கி சாப்பிடுங்கள், சந்தோஷம். வைட்டமின் சி-யும் வேகவைத்தால் குறையும்தான். ஆனால் தக்காளியின் லைகோபீனும் கேரட்டின் கரோட்டினும் வெந்த பிறகுதான் நன்றாக உடம்பில் சேரும். இந்த வரவு செலவில் ஒரு பக்கத்தை மட்டும் படிக்காதீர்கள்.

ஜெர்மனியின் கீசன் பல்கலைக்கழகத்தினர் பச்சை உணவு மட்டுமே சாப்பிடுகிறவர்களை ஆராய்ந்து 1999-ல் வெளியிட்டார்கள். 45 வயதுக்குட்பட்ட பெண்களில் ஏறத்தாழ 30 சதவீதம் பேருக்கு மாதவிடாய் தடுமாறியிருந்தது அல்லது நின்றே போயிருந்தது. "உடம்பு சுத்தமாகிறது" என்று இதற்கும் ஒரு விளக்கம் சொல்கிறார்கள். இல்லையம்மா, உடம்பு பட்டினி கிடக்கிறது.

அப்புறம் முளைப்பயறு. ஈரமும் கதகதப்பும் முளைக்கு எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவு கிருமிக்கும் பிடிக்கும். 2011-ல் ஜெர்மனியில் வெந்தய முளையால் ஈ.கோலி என்ற பாக்டீரியா பரவி ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கர்ப்பிணிகள், வயதானவர்கள், கீமோ எடுப்பவர்கள் முளைப்பயறை வேகவைத்தே சாப்பிட வேண்டும். ராஜ்மாவில் நச்சு உண்டு, முளைகட்டினாலும் பச்சையாகத் தொடாதீர்கள். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடமாவது கொதிக்க வேண்டும். சுரைக்காய் சாறு குடிப்பவர்கள் முதலில் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டுக் காயையே எறியுங்கள். மருந்து கசக்கத்தான் செய்யும் என்று மடமடவெனக் குடித்து, ரத்த வாந்தி எடுத்து, உயிரே போனவர்கள் இந்தியாவில் உண்டு. அந்தக் கசப்பைத் தரும் நச்சுக்கு மாற்றுமருந்து கிடையாது. பாகற்காய்ச் சாற்றோடு கலந்தால் எது எந்தக் கசப்பென்றே தெரியாது. கலக்காதீர்கள்.

சர்க்கரை நோயாளிகளே, உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், இன்சுலினை நீங்களாக நிறுத்தாதீர்கள். தன் திட்டத்தால் இன்சுலின் தேவை குறையும், இல்லாமலே போகும் என்று சொன்னதற்காக ஆன் விக்மோர் மேல் 1982-ல் மாசசூசெட்ஸ் மாநில அட்டர்னி ஜெனரலே வழக்குப் போட்டார். அம்மையார் அந்தப் பேச்சைத் திரும்பப் பெற்றார். ஆரம்பித்தவரே பின்வாங்கியதை நீங்கள் ஏன் பிடித்துத் தொங்குகிறீர்கள்? மாத்திரையை அதே அளவில் போட்டுக்கொண்டு சாதத்தைத் திடீரென நிறுத்தினாலும் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் வேறு நாள்பட்டால் பி12-ஐக் குறைக்கும் என்பதால் உங்களுக்கு இரட்டை அடி.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குக் கீரைச் சாறும் இளநீரும் பொட்டாசியத்தை ஏற்றிவிடும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை போடுகிறவர்கள் பச்சைச் சாறுகளைத் திடீரெனக் கூட்டினால் அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் கெடுக்கும்.

இவ்வளவுக்கும் பிறகும் இந்த உணவில்தான் இருப்பேன் என்றால் தடுக்க மாட்டேன். பி12 மாத்திரை கட்டாயம். ஸ்பைருலினா என்ற பாசிப் பொடி போதாது, அதில் இருப்பதில் பெரும்பகுதி நம் உடம்புக்கு உதவாத போலி பி12. மாத்திரையில் உள்ளதை பாக்டீரியாவை வைத்துத்தான் தயாரிக்கிறார்கள், உங்கள் சைவத்துக்குப் பங்கமில்லை. கர்ப்பமாக இருந்தாலோ பால் கொடுத்துக்கொண்டிருந்தாலோ இந்தச் சோதனையே வேண்டாம். தாய்க்கு இல்லாத பி12 தாய்ப்பாலில் வராது. வருடத்துக்கு ஒருமுறை பி12 அளவும் இரும்புச் சத்தும் பாருங்கள். டாக்டரிடம் வரும்போது என்னென்ன சாறு, என்னென்ன பொடி என்று ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். "திட்டுவீங்கன்னு சொல்லலை" என்று டிஸ்சார்ஜ் அன்றைக்குச் சொன்னால் அன்றைக்கும் திட்டுதான் கிடைக்கும்.