சுவர் 3600, தாளில் 72

3600 மி.மீ. நீளமுள்ள ஒரு சுவரை ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் வரைகிறீர்கள். பொருளை வரையும் இடமான மாடல் ஸ்பேஸில் அதன் நீளம் 3600 தான், ஏனென்றால் அங்கே எல்லாமே 1:1, அதாவது நிஜ அளவு. அதையே லேஅவுட்டில், அதாவது பிரிண்ட் எடுக்கும் தாளில், மாடலைக் காட்டும் ஜன்னலான வியூபோர்ட் வழியாக 1:50ல் பார்த்தால், தாளில் அது 72 மி.மீ. கோடு. சரி, இப்போது டைமென்ஷன், அதாவது நீளத்தைச் சொல்லும் அளவுக்குறி, போட வேண்டும். மாடலிலா, தாளிலா? டிராஃப்டிங் செய்பவர்கள் பல வருடங்களாகச் சண்டை போட்டும் தீராத கேள்வி இது.

மாடலில் போட்டால் முதலில் இடிப்பது எழுத்தின் உயரம். பிரிண்டில் எழுத்து 2.5 மி.மீ. வர வேண்டுமென்றால், 1:50க்கு மாடலில் அது 125 மி.மீ. இருக்க வேண்டும். அதே டைமென்ஷன் 1:20 வியூபோர்ட்டிலும் தெரிந்தால் 6.25 மி.மீ. ஆகிப் படத்தையே மறைக்கும், 1:100ல் 1.25 மி.மீ. ஆகி எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். அதனால் ஸ்கேலுக்கு ஒரு லேயர் (படத்தின் தனி அடுக்கு) வைத்து, ஒரே அளவை இரண்டு மூன்று முறை போட்டு, வேண்டாததை வியூபோர்ட் வாரியாக ஃப்ரீஸ் செய்து மறைத்தார்கள். சுவர் மாறினால் எல்லாவற்றையும் திருத்த வேண்டும். ஒன்று விட்டுப்போகும், கண்டிப்பாக.

1990ல் ஆட்டோகேடின் ரிலீஸ் 11 பதிப்பு, தாளுக்கென்று தனி இடமான பேப்பர் ஸ்பேஸைக் கொண்டுவந்தது. தாளில் 2.5 என்றால் 2.5 தான், கணக்கே வேண்டாம். ஆனால் தாளில் வைத்த அளவு தாளைத்தான் அளந்தது: 72 என்று காட்டியது. டிம்எல்ஃபேக் என்ற பெருக்கு எண்ணை 50 என்று வைத்து அதை 3600 ஆக்கினார்கள். இது ஒரு ஒட்டுவேலை. வியூபோர்ட்டை 1:100க்கு மாற்றிப் பாருங்கள்: சுவர் 36 மி.மீ.க்குச் சுருங்கிவிடும், டைமென்ஷன் மட்டும் பழைய 72 மி.மீ. அகலத்தில் அந்தரத்தில் தொங்கும். எண் என்னவோ 3600 என்றே காட்டும்!

2002 பதிப்பில் இது மாறியது. தாளில் இருக்கும் டைமென்ஷன் வெறும் ஆயத்தொலைவை நினைவில் வைக்காமல், ‘இந்தக் கோட்டின் இந்த முனை’ என்று மாடலில் உள்ள பொருளையே பிடித்துக்கொண்டது. டிம்அசோக் என்ற அமைப்பை 2 என்று வைப்பது இதைத்தான் சொல்கிறது. வியூபோர்ட்டின் ஸ்கேலையும் தானே கணக்கில் எடுத்துக்கொள்ளும். இருந்தாலும் பிடி மெல்லியது. சுவரை நீட்டாமல் அழித்துவிட்டுப் புதிதாக வரைந்தால் அறுந்துவிடும். வியூபோர்ட்டுக்குள் மவுஸ் சக்கரத்தால் நகர்த்தினாலும் சில சமயம் டைமென்ஷன் பின்தங்கும். டிம்ரீஜென் என்ற கட்டளையைக் கொடுத்தால்தான் இடத்துக்கு வரும்.

2008 பதிப்பின் அனோடேட்டிவ் வசதி பழைய எழுத்து உயரத் தகராறை மாடலுக்குள்ளேயே தீர்த்தது. டைமென்ஷன் ஒன்றுதான், ஒவ்வொரு ஸ்கேலுக்கும் அதற்கு ஒரு தோற்றம். 1:50ல் 125, 1:20ல் 50, தாளில் எப்போதும் 2.5. அந்த ஸ்கேலைச் சேர்க்க மறந்தால் வியூபோர்ட்டில் டைமென்ஷன் தெரியாமல் போகலாம், புதியவர்கள் பதறுவது இங்கேதான்.

என் பழக்கத்தைச் சொல்கிறேன். சுவர் நகர்ந்தால் கூடவே நகர வேண்டிய எதுவும் மாடலில்: டைமென்ஷன், அம்புக்குறியோடு ஒரு பொருளைச் சுட்டும் குறிப்பு, அறையின் பெயர். தாளுக்குச் சொந்தமானவை லேஅவுட்டில்: டைட்டில் பிளாக் (படத்தின் விவரப் பெட்டி), பொதுக் குறிப்புகள், ‘ஸ்கேல் 1:50’ என்ற வரி. உங்கள் ஃபைலை மற்றவர்கள் எக்ஸ்ரெஃப் ஆக, அதாவது தங்கள் படத்துக்குள் இணைப்பாக, இழுத்து அதன்மேல் மின்சாரமோ குழாயோ வரைகிறார்கள் என்றால் மட்டும் நான் மாறுவேன். உங்கள் டைமென்ஷன்கள் அவர்கள் படத்தில் குப்பையாகக் கிடக்கும். அப்போது தனி லேயர், இல்லாவிட்டால் லேஅவுட்.

வேறொருவரின் ஃபைல் கைக்கு வந்தால் முதலில் ஒரு சுவரை 100 மி.மீ. ஸ்ட்ரெச் செய்துவிட்டு லேஅவுட்டைப் பார்ப்பேன். 3700 என்று மாறியிருந்தால் பிடி இருக்கிறது. 3600லேயே நின்றால் அன்டூ கொடுத்துவிட்டு, அந்தத் தாளில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் சரிபார்க்க உட்கார வேண்டியதுதான்.