சும்மா ஒரு தடவை ஆன் செய்து பார்க்காதீர்கள்

இந்த மாதத்தில் இப்படிக் கெட்டுப்போய் என்னிடம் வந்த மூன்றாவது பழைய கம்ப்யூட்டர் இது. இங்கே டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து ஒரு தம்பி, காலமான அப்பாவின் தோஷிபா டி1000 மடிக்கணினியைக் கொண்டுவந்தார். "வேலை செய்யுதான்னு பாக்க ராத்திரி பூரா சார்ஜ்ல போட்டேன் அண்ணே" என்றார். திறந்தால் பேட்டரியைச் சுற்றிப் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கிறது. போர்டின் செம்புக் கோடுகள் பாதி இல்லை.

1987-இல் வந்த மெஷின். எடை மூன்று கிலோவுக்குள், 512 கேபி நினைவகம், கழற்றி மாட்டும் ஃபிளாப்பி டிஸ்க்குக்கு ஒரே ஒரு 720 கேபி டிரைவ், ஹார்டு டிஸ்க் கிடையாது. மெஷினை இயக்கும் டாஸ் மென்பொருள் உள்ளே அழியாத ரோம் சிப்பிலேயே இருப்பதால் ஃபிளாப்பி போடாமலே எழுந்துவிடும். ஸ்விட்ச் போட்டால் போதுமே என்ற அந்த ஆசைதான் எல்லோரையும் கெடுக்கிறது.

"அலமாரியில பத்திரமா இருந்துச்சு, யாரும் தொடலை." இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. தொடாத பேட்டரிக்கும் வயதாகும்! அந்தக் காலத்து நிக்கல் காட்மியம் பேட்டரிக்குள் இருப்பது காரம். எந்தக் கம்பெனி மெஷினாக இருந்தாலும் முப்பது வருடத்தில் அதன் மூடி தளர்ந்துவிடும். காரம் கசிந்து கம்பி வழியாகப் போர்டுக்கு ஏறும். ஸ்விட்ச் போட்டாலும் போடாவிட்டாலும் ஏறும். நம் டர்பன் ஈரக்காற்றில் அது காய்வதுமில்லை. காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்து நசநசவென்று கிடந்து தின்னும். அந்த ஈரத்தில் கரண்ட் பாய்ச்சினால் அரிப்பு இன்னும் வேகமாகும்.

சரி, கையில் ஒன்று கிடைத்தால்? சார்ஜரைத் தொடாதீர்கள். திறக்கத் தெரிந்தால் கையுறை போட்டு, முதலில் பேட்டரியின் கம்பியை வெட்டி அதை வெளியே எடுங்கள். பூத்ததைச் சுரண்ட வேண்டாம். காட்மியம் தூள் நெஞ்சுக்குள் போகக் கூடாது. வினிகர் தொட்ட பஞ்சால் ஒற்றி, பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். அந்தப் பேட்டரி வீட்டுக் குப்பைக்குப் போகவே கூடாது.

அப்புறம் திரை. டி1000 திரைக்குப் பின்னால் விளக்கு இல்லை. இருட்டாக இருக்கிறதென்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள், ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்.

அந்தத் தம்பிக்கு வேண்டியது மெஷின்கூட இல்லை, அப்பா எழுதி வைத்த கடிதங்கள். அவை ஃபிளாப்பியில் இருக்கின்றன. தகட்டு மூடியை நகர்த்திப் பார்த்தேன், நான்கில் மூன்றில் பூஞ்சை. தயவுசெய்து அப்படிப்பட்டதை டிரைவில் போடாதீர்கள். டிரைவின் ஹெட், அதாவது படிக்கும் முனை, எழுத்து பதிந்திருக்கும் காந்தப் பூச்சையே வழித்துவிடும். மெஷினையும் டிஸ்க்கையும் தனித்தனிப் பையில் போட்டு, இருந்தபடியே கொண்டு வாருங்கள்.