ஒரே ஈற்றுக்கும் பதிவு வேண்டும்: சிறு இன நாய்களைக் குட்டி போட வைக்கும் முன்

ஷிட்சூ, பக், லாசா ஆப்சோ, பொமரேனியன், மினியேச்சர் பின்ஷர், டாக்ஸ்ஹண்ட் போன்ற சிறு இன நாய்களை வளர்ப்பவர்களில் பலர், ஒரே ஒரு முறை குட்டி போடவிட்டு இரண்டை விற்றால் தீவனச் செலவாவது தேறும் என்று நினைக்கிறார்கள். ஆசையில் குற்றமில்லை. ஆனால் தெரிந்தவர் வீட்டு ஆண் நாயோடு சேர்த்து, குட்டிகளும் பிறந்து, முன்பணமும் வாங்கிய பிறகுதான் "வாரியத்தில் பதிவு செய்திருக்கிறீர்களா" என்ற கேள்வி அவர்கள் காதில் முதன்முறையாக விழுகிறது. அதைக் கேட்பவர் பெரும்பாலும் அதிகாரியாக இருப்பதில்லை. மொத்தக் குட்டிகளையும் பாதி விலைக்கு அள்ளிக்கொண்டு போக வந்த தரகர்தான் முதலில் கேட்கிறார். பதிவில்லாத வீட்டுக்காரர் எங்கும் முறையிட முடியாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

மிருகவதைத் தடுப்புச் சட்டம், 1960-இன் கீழ், மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2017 மே 23 அன்று நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளை அறிவிக்கை செய்தது. அதன்படி விற்பனைக்காக நாய்களை இனப்பெருக்கம் செய்பவர் தம் மாநிலத்தின் விலங்கு நல வாரியத்தில் பதிவுச் சான்றிதழ் பெற்றாக வேண்டும். கட்டணம் 5,000 ரூபாய்; விண்ணப்பம் தள்ளுபடியானாலும் திரும்பக் கிடைக்காது. சான்றிதழ் 2 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னணி இவ்வளவு தெரிந்தால் போதும்.

"நான் ப்ரீடர் (விற்பனைக்காக நாய்களை இனப்பெருக்கம் செய்பவர்) இல்லையே" என்பதுதான் எல்லோரும் விழும் முதல் குழி. இத்தனை நாய்களுக்கு மேல் என்றோ, ஆண்டுக்கு இத்தனை ஈற்றுக்கு மேல் என்றோ இந்த விதிகள் எந்த எண்ணிக்கை வரம்பும் வைக்கவில்லை. குட்டி போட வைத்து விற்பதுதான் அளவுகோல். பெரிய கென்னல் வைத்திருப்பவருக்கும் வீட்டு வராந்தாவில் ஒரே பெட்டை நாயை வளர்ப்பவருக்கும் ஒரே விண்ணப்பம், ஒரே கட்டணம். இது நியாயமா என்று கேட்டால் எனக்கும் இல்லை என்றுதான் படுகிறது. ஆனாலும் விதி மாறும் வரை வீட்டில் நடப்பதற்கும் பதிவு தேவை என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு.

இரண்டாவது குழி, கையில் இருக்கும் வேறு ஏதோ ஒரு தாளை இந்தப் பதிவு என்று நம்பிவிடுவது. தென்மாவட்ட நகரம் ஒன்றில் இரண்டு ஷிட்சூ வளர்க்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் முறையாகவே நடக்க விரும்பி, உள்ளாட்சி அலுவலகத்துக்கு நேரில் போய், "குட்டி போட வைக்க என்ன அனுமதி வேண்டும்" என்று கேட்டார். அங்கிருந்தவர் நாய் வளர்ப்பு உரிமத்துக்கான ரசீதைப் போட்டுக் கையில் கொடுத்து, "இது போதும்மா, கிளம்புங்க" என்றார். அந்த ரசீதை அவர் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்திருந்ததை நான் பார்த்தேன். அது நாயை வீட்டில் வைத்துக்கொள்வதற்கான உரிமம் மட்டுமே. சென்னையில் மாநகராட்சியிடம் பெறும் உரிமமும் இந்த வகைதான். குட்டிகளை விற்க அது எந்த அனுமதியும் தருவதில்லை. தவறான பதிலைச் சொன்னவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை நம்பி முன்பணம் வாங்கியவர்தான் திருப்பிக் கொடுத்து அலைந்தார்.

இதே குழப்பம் கென்னல் கிளப் தாளிலும் உண்டு. கென்னல் கிளப் ஆஃப் இந்தியா தரும் சான்றிதழ் நாயின் தாய், தந்தை, பாட்டன், பூட்டன் யார் என்ற வம்சாவளியைச் சொல்லும். அது தனியார் அமைப்பின் பதிவேடு, அரசு அனுமதி அல்ல. "பேப்பர் இருக்கு சார்" என்று விற்பவர் சொன்னால் அது பெரும்பாலும் இந்தத் தாள்தான். வீட்டு நாய் உரிமம், வம்சாவளிச் சான்று, வாரியப் பதிவு ஆகிய மூன்றும் வெவ்வேறானவை. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

நாயின் தகுதியைப் பற்றிய விதிகள் தெளிவாகவே இருக்கின்றன. பெட்டைக்கும் ஆணுக்கும் குறைந்தது 18 மாதம் நிறைந்திருக்க வேண்டும். சிறு இனப் பெட்டைகள் ஆறு, ஏழு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடுவதால், "ஹீட் வந்துவிட்டது, சேர்த்துவிடலாம்" என்று ஆண் நாய் வைத்திருப்பவர் அவசரப்படுத்துவார், கேட்கக் கூடாது. 12 மாதத்துக்கு ஒரு ஈற்றுக்கு மேல் கூடாது. வாழ்நாளில் 5 ஈற்றுக்கு மேலும், 8 வயதைக் கடந்த பிறகும் கூடாது. தாய்-மகன், தகப்பன்-மகள், உடன்பிறந்தவை போன்ற நெருங்கிய உறவில் சேர்க்கக் கூடாது. சேர்ப்பதற்குக் குறைந்தது 10 நாள் முன்பாக நாய் ஆரோக்கியமாக இருக்கிறது என்று கால்நடை மருத்துவர் சான்றளிக்க வேண்டும். காது வெட்டுவதும் வால் வெட்டுவதும் தடை செய்யப்பட்டவை. மினியேச்சர் பின்ஷர் வாங்க வருபவர் "வாலை வெட்டிக் கொடுங்கள்" என்று கேட்டால் மறுத்துவிடுங்கள்.

சிக்கல் வருவது வயதை நிரூபிப்பதில். கடையிலோ தரகரிடமோ வாங்கிய நாய்க்குப் பிறந்த தேதியே பலரிடம் இருக்காது. தடுப்பூசி அட்டையில் "3 மாதம்" என்று யாரோ உத்தேசமாக எழுதியிருப்பார்கள். ஆய்வுக்கு வருபவர் ஆதாரம் கேட்டால் அந்த அட்டை ஒன்றுதான் இருக்கும். ஆகவே மைக்ரோசிப் (நாயின் தோலுக்கடியில் வைக்கும், அடையாள எண் கொண்ட சிறு சில்லு) பொருத்தும் நாளிலேயே மருத்துவரிடம் வயது மதிப்பீட்டை எழுதி, கையெழுத்தும் கால்நடை மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சிப் பொருத்தியதும் கருவியால் உங்கள் கண்முன்னே படித்துக் காட்டச் சொல்லி, அதன் 15 இலக்கங்களையும் அட்டையில் உள்ளதோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். ஓர் இலக்கம் மாறியிருந்தால் அது உங்கள் நாய் என்று காட்ட வழியில்லை. அதைத் திருத்த நடக்கும் நடை சிப் விலையைவிட அதிகமாகும்.

பக், பிரெஞ்சு புல்டாக் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. தமிழக அரசு 2024-இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, இவை உட்பட நம் தட்பவெப்பத்துக்கு ஒத்துவராத சில அயல் இனங்களின் இனப்பெருக்கத்துக்கு எதிராக இருந்தது. வளர்ப்பாளர்களிடமிருந்து எதிர்ப்பும் வந்தது. தற்போதைய நிலை என்ன என்பதை வாரியத்திடம் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்காமல், கடைக்காரர் பேச்சை நம்பி இந்த இனங்களில் இறங்க வேண்டாம்.

இனி அலுவலகம். தமிழ்நாடு விலங்கு நல வாரியம் சென்னையில் இருக்கிறது; நீங்கள் இருப்பதோ வேறு மாவட்டம். உள்ளூர் கால்நடை மருத்துவமனைக்குப் போனால் கால்நடைப் பராமரிப்புத் துறையின் மண்டல இணை இயக்குநர் அலுவலகத்தைக் காட்டுவார்கள். அங்கே போனால் சென்னைக்கு எழுதச் சொல்வார்கள். சென்னைக்குத் தொலைபேசியில் அழைத்தால் உங்கள் மாவட்டத்திலிருந்து ஆய்வு அறிக்கை வர வேண்டும் என்பார்கள். மூன்று இடத்திலும் சொல்வது ஓரளவு உண்மைதான் என்பதே இதில் எரிச்சலூட்டும் விஷயம். வாரியம் நியமிக்கும் குழு உங்கள் இடத்தைப் பார்த்த பிறகே பதிவு கிடைக்கும். யார் முதலில் நகர வேண்டும் என்பதை மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள். எனவே விண்ணப்பத்தை நேராக வாரியத்துக்கே அனுப்பி, நகலை இணை இயக்குநர் அலுவலகத்தில் கொடுத்து, உங்கள் பிரதியில் தேதியுடன் முத்திரை வாங்குங்கள். "வைத்துவிட்டுப் போங்கள்" என்றால் வைக்காதீர்கள். முத்திரை போட மறுத்தால் ஒப்புகையுடன் அஞ்சலில் அனுப்புங்கள். 5,000 ரூபாயை எந்தக் கணக்கில், எப்படிச் செலுத்துவது என்பதை வாரியத்திடமே கேளுங்கள். இடையில் நிற்கும் எவர் கையிலும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர் வீட்டு உரிமையாளரின் சம்மதக் கடிதத்தை முன்பே வாங்கி வைக்க வேண்டும். ஆய்வுக்கு வரும் அன்று மாடியிலிருந்து அவர் இறங்கி வந்து "எனக்கு ஒன்றும் தெரியாது" என்றால் எல்லாம் அங்கேயே நின்றுவிடும். அடுக்குமாடிக் குடியிருப்பில் வளர்ப்பு நாயை வைத்துக்கொள்வதைச் சங்கம் தடுக்க முடியாது என்று இந்திய விலங்கு நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதல் சொல்கிறது. அந்தப் பாதுகாப்பு நாய் வளர்ப்பவருக்கானது. குட்டி விற்பதற்கு அதைக் கேடயமாகக் காட்ட முடியாது.

அலுவலகம் எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டாலும் நாயின் உடல் தன் கணக்கில்தான் போகும். சேர்த்ததிலிருந்து ஏறத்தாழ 63 நாளில் குட்டி. பிறந்து 8 வாரம் முடியும் வரை விற்கக் கூடாது. அதற்குள் மைக்ரோசிப், குடற்புழு மருந்து, முதல் தடுப்பூசி எல்லாம் முடிந்திருக்க வேண்டும். ஆக மொத்தம் நான்கு மாதம். குட்டி பிறந்த பிறகு விண்ணப்பித்துச் சான்றிதழுக்குக் காத்திருந்தால் குட்டிகள் வீட்டிலேயே வளர்ந்து 6 மாதத்தைத் தாண்டிவிடும். அதன் பின் கருத்தடை செய்யாமல் விற்க முடியாது. பதிவு பெற்ற வேறொரு ப்ரீடருக்கு விற்பது மட்டுமே விலக்கு. தரகர் வாசலில் வந்து நிற்பது அந்த நேரத்தில்தான். சான்றிதழ் கைக்கு வந்த பிறகே சேர்க்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

செலவுக் கணக்கையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சிறு இனங்கள் பெரும்பாலும் குறைந்த எண்ணிக்கையில்தான் குட்டி போடும். ஒற்றைக் குட்டி வயிற்றிலேயே பெரிதாக வளர்ந்துவிடும். பக், பிரெஞ்சு புல்டாக் குட்டிகளுக்குத் தலையும் பெரிது. இரண்டிலும் சிசேரியன் தேவைப்படுவது சாதாரணம். 55 நாளுக்குப் பிறகு எக்ஸ்ரே எடுத்தால் எத்தனை குட்டி என்று தெரிந்துவிடும். தாய் அரை மணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வரவில்லையென்றால் காத்திருக்காமல் மருத்துவரிடம் ஓட வேண்டும். ஆகவே இரவில் அறுவை செய்யும் மருத்துவமனை எது என்று முன்பே விசாரித்து வையுங்கள். பல ஊர்களில் இரவில் அப்படி ஒன்று கிடையாது. ஈன்ற சில வாரத்தில் பால் கொடுக்கும் தாய் நடுங்கினால், விறைத்துத் தள்ளாடினால் அது கால்சியம் குறைவு. சிறு நாய்களில் இது அதிகம், விடியும் வரை தாமதித்தால் உயிர் போகும்.

ஆண் நாய் வைத்திருப்பவரோடு வாய்ப்பேச்சாக எதையும் முடிக்காதீர்கள். கட்டணமா, "முதல் பிக் குட்டி"யா (ஈற்றிலிருந்து முதலில் தேர்ந்தெடுத்து எடுத்துக்கொள்ளும் குட்டி), சினை பிடிக்காவிட்டால் மறுமுறை உண்டா, ஒரே குட்டி பிறந்தால் அது யாருக்கு என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். ஒற்றைக் குட்டிக்காக நல்ல நண்பர்கள் காவல் நிலையம் வரை போனதுண்டு.

விற்கும்போது உங்கள் பெயர், முகவரி, பதிவு எண், சிப் எண், குட்டி பிறந்த தேதி ஆகியவை உள்ள ரசீதைக் கொடுத்து நகலை வைத்துக்கொள்ளுங்கள். தடுப்பூசி அட்டையில் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். வெறும் டிக் குறி போதாது. நாய்க்குட்டிகளைத் தாக்கும் பார்வோ என்ற வைரஸ் நோய் தொற்றி ஒரு வாரம் கழித்தே வெளியில் தெரியலாம் என்பதால், "உங்கள் வீட்டிலிருந்தே வந்த நோய்" என்று வாங்கியவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் உங்களுக்குத் துணை நிற்பது அந்த ஸ்டிக்கரும் ரசீதும்தான். உள்ளாட்சி உரிமத்துக்குத் தேவையான வெறிநோய்த் தடுப்பூசி 3 மாத வயதில் போடுவது என்பதால், 8 வாரக் குட்டியை வாங்குபவர் அந்த உரிமத்தை உடனே கேட்டால் அது சாத்தியமில்லை என்பதையும் ரசீதிலேயே எழுதிவிடுங்கள்.

விதியை மீறினால் சட்டம் சொல்லும் அபராதம் 100 ரூபாய் வரை. 1960-க்குப் பிறகு அந்தத் தொகையை யாரும் தொடவில்லை. "நூறு ரூபாய்தானே" என்று சிரிப்பவர்கள், அதே பிரிவில் 3 மாதம் வரை சிறையும் உண்டு என்பதைப் படிப்பதில்லை.

விண்ணப்பம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தால், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். விண்ணப்பம் இன்று யார் மேசையில் உள்ளது, ஆய்வுக் குழு நியமிக்கப்பட்டதா, எந்தத் தேதியில் என்று மட்டும் கேளுங்கள். குறை சொல்லி நீட்டி எழுதினால் "இது தகவல் அல்ல" என்று திருப்பிவிடுவார்கள். பதிலுக்கு 30 நாள் கெடு உண்டு. அதற்குள் பெட்டை பருவத்துக்கு வந்துவிட்டால், உதிரம் கண்ட நாளிலிருந்து மூன்று வாரத்துக்கு மேலாகவே அதைத் தனி அறையில் வைத்து, வெளியே கூட்டிப் போகும்போது கயிற்றை விடாமல் பிடித்திருங்கள்.