இவர் எனக்கு என்ன முறை வேணும்?

சென்னையில் எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் ஒரு பெரியம்மா இருப்பார். முன்பின் பார்த்திராத ஒருவரைக் காட்டி, "இவர் உனக்கு மாமா வேணும், வணக்கம் சொல்லு" என்பார். இதற்காக நாலு தலைமுறை வம்சாவளியை அவர் மனப்பாடம் செய்திருக்க வேண்டியதில்லை. ஒரு விதி தெரிந்தால் போதும்.

உடன்பிறந்த இருவரும் ஆண்கள், அல்லது இருவரும் பெண்கள் என்றால், அவர்களுடைய பிள்ளைகள் ஒருவருக்கொருவர் அண்ணன் தங்கை. ஒருவர் ஆண், மற்றவர் பெண் என்றால் பிள்ளைகள் கட்டிக்கொள்ளும் முறை. இது நமக்குத் தெரிந்ததுதான். விஷயம் என்னவென்றால், இந்தக் கணக்கு அதோடு நிற்பதில்லை. அப்பாவைப் பெற்ற பாட்டியின் அக்கா மகனை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் அப்பாவுக்கு அண்ணன் தம்பி முறை. அதனால் உங்களுக்குப் பெரியப்பா அல்லது சித்தப்பா, அவர் மகள் உங்களுக்கு அக்காவோ தங்கையோ. அதே பாட்டியின் அண்ணன் மகன் அப்பாவுக்கு மச்சான். அதனால் உங்களுக்கு மாமா. நீங்கள் ஆண் என்றால் அவர் மகள் முறைப்பெண். இப்படி எத்தனை தலைமுறை தள்ளிப் போனாலும், எதிரே நிற்பவர் இரண்டில் ஒரு பக்கம் வந்து விழுந்துவிடுவார்.

லூயிஸ் ஹென்றி மார்கன் என்ற அமெரிக்க வழக்கறிஞர், தென்னிந்தியாவில் இருந்த மிஷனரிகள் மூலம் தமிழ் உறவுமுறைகளைத் திரட்டினார். நியூயார்க் பகுதியின் செனெக்கா பழங்குடியினரும் சித்தப்பாவை 'அப்பா' என்கிறார்கள், தாய்மாமனைத் தனியே பிரிக்கிறார்கள். இரண்டும் ஒரே முறை, ஆகவே அவர்கள் ஆசியாவிலிருந்து போனவர்கள் என்று 1871-இல் வெளியான நூலில் அவர் வாதாடினார். ஆசைதான்! மேலே சொன்ன பாட்டியின் அண்ணன் மகனில் அந்த வாதம் தடுக்கி விழுகிறது. செனெக்கா முறையில் அவரும் அப்பா வகைதான், அவர் மகளும் சகோதரிதான். அங்கே பார்ப்பது அவர் ஆணா பெண்ணா என்பதை மட்டும். நாமோ, அப்பாவுக்கு அவர் என்ன முறை என்று பார்க்கிறோம். இந்த வேறுபாட்டை 1964-இல் அமெரிக்க மானுடவியலாளர் ஃபிளாய்ட் லவுன்ஸ்பரி தெளிவாக எடுத்துக்காட்டினார்.

ஏன் அப்படிப் பார்க்கிறோம்? மதுரைப் பக்கம் கள ஆய்வு செய்த பிரெஞ்சு மானுடவியலாளர் லூயி துய்மோன் 1953-இல் சொன்ன விளக்கம் எனக்குப் பிடித்தது. தாய்மாமனை நாம் அம்மாவின் ரத்த உறவாகப் பார்க்கிறோம். துய்மோனோ, அப்பாவின் மச்சான் என்ற இடத்திலிருந்து பார்க்கச் சொன்னார். அப்பா செய்த சம்பந்தம் பிள்ளைகளுக்கும் சொத்து மாதிரி கைமாறுகிறது. மாமனாரும் 'மாமா', மாமியாரும் 'அத்தை' ஆனது அதனால்தான். சொந்தத்துக்கு வெளியே பெண் எடுத்தாலும் அப்படித்தான் கூப்பிடுகிறோம்.

சரி, மரபணு இந்தப் பிரிவினையை மதிக்கிறதா? இல்லை. சித்தப்பா மகளும் அத்தை மகளும் உங்களோடு சராசரியாக ஒரே அளவு, 12.5 சதவீத மரபணுக்களைத்தான் பகிர்கிறார்கள். ஒருத்தி தங்கை, இன்னொருத்தி முறைப்பெண் என்பது முழுக்க நம் ஏற்பாடு. அக்கா மகள் இன்னும் நெருக்கம், 25 சதவீதம். சென்னையில் மகப்பேறு மருத்துவர் "சொந்தத்துல கல்யாணமா?" என்று கேட்டுக் குறித்துக்கொள்வது இதற்காகத்தான். பொதுவாக 100 குழந்தைகளில் 2, 3 பேருக்குப் பிறவிக் குறை இருக்கும். அத்தை மகன், மாமன் மகள் ஜோடிகளுக்கு அதற்கு மேல் இன்னும் 2, 3 கூடும். தாய்மாமன் கல்யாணத்தில் ஆபத்து அதையும் விட அதிகம்.