பெட்டிக்குள் ஒரு மூச்சு

சென்னை ராஜாஜி சாலையில் கஸ்டம்ஸ் ஹவுஸைக் கடந்து போகும் பலரும், துறைமுகத்தில் பாஸ்போர்ட் பார்ப்பதும் சுங்கத்துறைதான் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. சுங்கத்துறை நிதி அமைச்சகத்தைச் சேர்ந்தது. அதன் வேலை பொருள். ஆட்களைப் பார்க்கும் இமிக்ரேஷன், உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருகிறது. செய்தித்தாள்கள் இதைக் 'குடியுரிமைச் சோதனை' என்று எழுதுவது எனக்கு எப்போதும் உறுத்தும். அங்கே யாருடைய குடியுரிமையும் முடிவாவதில்லை. உள்ளே வரலாமா, வெளியே போகலாமா என்பதுதான் கேள்வி.

கப்பலில் ஏறியதும் இந்தப் பாகப்பிரிவினை சற்றுக் கலைந்துவிடும். மாலுமிகளின் பெயர்ப்பட்டியல் இமிக்ரேஷனுக்குப் போகிறது. அதே மாலுமிகள் தம் சொந்த உடைமைகளை எழுதிக் கையெழுத்திட்ட பட்டியல் சுங்கத்துக்கு. இரண்டிலும் ஆட்கள் ஒன்றாக இருக்க வேண்டும். 1920-ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டம், முறையான ஆவணமின்றி நுழைபவரை வாரண்ட் இல்லாமல் கைது செய்யும் அதிகாரத்தை சப்-இன்ஸ்பெக்டர் முதலான போலீஸாருக்கு மட்டுமல்ல, அரசு அனுமதித்த சுங்க அதிகாரிக்கும் கொடுத்திருந்தது. 2025-ல் புதுச் சட்டம் வரும்வரை அது நீடித்தது.

அதில் நியாயம் இருக்கிறது. கடத்தல் தங்கத்தையும் சிகரெட்டையும் தேடி, நங்கூரச் சங்கிலி சுருண்டு கிடக்கும் அறை, சுக்கானுக்கு மேலுள்ள பொந்து, உயிர்காப்புப் படகு என்று மூலைமுடுக்கெல்லாம் நுழைகிறவர் சுங்க அதிகாரி. ஒளிந்து வருகிற ஆளும் அங்கேதான் இருப்பார்.

சரி, மூடிய கன்டெய்னருக்குள் ஆள் இருந்தால் எப்படித் தெரியும்? மூச்சு காட்டிக்கொடுக்கும். நாம் உள்ளிழுக்கும் காற்றில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 0.04 சதவீதம், வெளிவிடும் மூச்சில் ஏறத்தாழ 4 சதவீதம், அதாவது நூறு மடங்கு. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 15 லிட்டர் கார்பன் டை ஆக்சைடை வெளிவிடுகிறார். 20 அடிப் பெட்டியின் உட்கொள்ளளவு சுமார் 33,000 லிட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள்: காற்று வெளியேறாத வெறும் பெட்டியில் ஒரே மணி நேரத்தில் அந்த வாயுவின் அளவு இரட்டிப்பாகும். சரக்கு நிறைந்திருந்தால் காற்று குறைவு, இன்னும் சீக்கிரமே ஏறிவிடும். பிரான்ஸின் கலே துறைமுகத்தில், இங்கிலாந்துக்குப் போகும் லாரிகளுக்குள் மெல்லிய குழாயைச் செருகி இதை அளக்கிறார்கள்.

கன்டெய்னர் ஸ்கேனர் இன்னொரு வழி. ஆஸ்பத்திரி எக்ஸ்ரே ஒரு லட்சம் எலக்ட்ரான் வோல்ட் (கதிரின் ஆற்றலை அளக்கும் அலகு) அளவில் வேலை செய்யும். பெரிய சரக்கு ஸ்கேனர்களில் அது பல பத்து லட்சம். அதனால்தான் இரும்பைத் தாண்டி உள்ளிருப்பது நிழலாகத் தெரிகிறது.

இதைப் பிடிபடும் கதையாக மட்டும் பார்க்க என்னால் முடியவில்லை. மூச்சு ஏறிக்கொண்டே போகும் பெட்டியில் உயிர் இறங்கிக்கொண்டே போகும். 2019 அக்டோபரில், பெல்ஜியத்தின் ஸீப்ரக் துறைமுகத்திலிருந்து இங்கிலாந்து வந்து சேர்ந்த, குளிரூட்டி ஓடாத குளிர்சாதன லாரிப் பெட்டி ஒன்றில் 39 வியட்நாமியர்கள் மூச்சுத் திணறி, வெப்பத்தில் வெந்து இறந்துகிடந்தார்கள்.

உயிரோடு கண்டெடுத்தால் முதலில் தண்ணீரும் டாக்டரும். அவர் யார், எந்த ஊரில் ஏறினார், எங்கே திருப்பி அனுப்புவது என்பதெல்லாம் அப்புறம், இமிக்ரேஷன் மேஜையில்.