நாய்ப் படத்தைத் தாண்டிப் பாருங்கள்

போன மாதம் பெரம்பூரிலிருந்து ஒரு பெரியவர் ஆட்டோவில் டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினார். உள்ளே நாற்பதுக்கு மேல் கிராமபோன் ரெக்கார்டுகள். எல்லாம் அந்தக் காலத்து நடன ஆர்க்கெஸ்ட்ரா: ஃபாக்ஸ்ட்ராட், வால்ட்ஸ், ஒன்றிரண்டு டாங்கோ. "தம்பி, இதெல்லாம் 1910. விற்றவன் சத்தியம் பண்ணினான்" என்றார். அந்த வருஷத்துக்கு ஏற்ற விலையையும் கொடுத்திருக்கிறார்.

பழைய ரெக்கார்டுகளைச் சுத்தம் செய்து டிஜிட்டலுக்கு மாற்றித் தருவது என் தொழில். முதல் தட்டை விளக்கடியில் சாய்த்ததுமே விஷயம் தெரிந்துவிட்டது. நாய்ப் படம் போட்ட லேபிளைச் சுற்றி வரிகள் இல்லாத பளபளப்பான வட்டம் ஒன்று இருக்குமே, அதில் பொறித்த எண்ணுக்குப் பின்னால் பொடியாக ஒரு முக்கோணம். 1925க்கு முன்னால் அது வர வழியே இல்லை. அதுவரை வாத்தியக்காரர்கள் ஒரு பெரிய குழலின் முன்னால் நெருக்கியடித்து நின்று வாசித்தார்கள். மைக் வைத்து மின்சார முறையில் பதிவு செய்வது 1925இல்தான் தொடங்கியது. வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் என்ற அமெரிக்கக் கம்பெனியின் அந்த முறைக்கு, நாய்ப் படக் கம்பெனியான எச்எம்வி போட்ட அடையாளம்தான் முக்கோணம். இன்னொரு கம்பெனியான கொலம்பியாவின் தட்டில் வட்டத்துக்குள் 'டபிள்யூ' எழுத்து இருக்கும். 1931இல் இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து இஎம்ஐ ஆன பிறகு சொந்த முறை வந்தது, எச்எம்வி தட்டில் முக்கோணம் போய்ச் சதுரம் வந்தது.

லேபிளில் அச்சடித்த எண் கடைக்காரருக்கான பட்டியல் எண். தட்டில் பொறித்திருப்பது மேட்ரிக்ஸ் எண். பதிவான நாளைத் தேடிப் பிடிக்க இதுதான் உதவும், இணையத்தில் இதற்கான பட்டியல்கள் இருக்கின்றன. கோடு போட்டு வால் மாதிரி 1, 2 என்று இருந்தால், எத்தனையாவது முறை வாசித்தது என்று அர்த்தம். நடன இசையில் இதை அலட்சியம் செய்யாதீர்கள். ஒரே பாட்டின் இரண்டு பதிவுகளில் டிரம்பெட் தனியாக வாசிக்கும் இடம் வேறு வேறாக இருக்கலாம்.

இன்னொரு குழப்பம், ஒரு தட்டுக்கு இரண்டு வயது உண்டு. லண்டனில் பதிவானதைக் கல்கத்தாவில் அச்சடிப்பார்கள், முதலில் 1908 முதல் சியால்டா ஆலையில், பிறகு 1928இல் தொடங்கிய டம்டம் ஆலையில். 1931இல் வாசித்த பாட்டைப் பத்து வருஷம் கழித்தும் அச்சடித்திருக்கலாம். விற்பவர் சொல்லும் வருஷம் எதனுடையது என்று கேளுங்கள். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் இதைக் கேட்டால் முறைப்பார்கள். பரவாயில்லை, கேளுங்கள்.

காதும் ஓரளவு சொல்லும். பாஞ்சோவும் டியூபாவும் தாளம் போட்டால் பெரும்பாலும் 1920கள். கிட்டாரும் டபுள் பேஸும் வந்துவிட்டால் 1930கள். அமெரிக்க ஆர்க்கெஸ்ட்ரா 1943 தொடக்கத்தில் பதிவு செய்தது என்றால் எனக்குச் சந்தேகம் வரும். 1942 ஆகஸ்ட் 1 முதல் அங்கே இசைக் கலைஞர் சங்கம் பதிவுக்கூடங்களைப் புறக்கணித்திருந்தது.

சரி, பெரியவர் கதைக்கு வருகிறேன். தூசி போகட்டும் என்று அவர் பேரன் மூன்று தட்டுகளை ஸ்பிரிட் போட்டுத் துடைத்திருக்கிறான். மேலே சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிட்டது. இந்தத் தட்டுகள் பிளாஸ்டிக் அல்ல, அரக்கு. மரச்சாமானுக்கு மெருகு போடத் தச்சர்கள் அரக்கை எதில் கரைக்கிறார்கள்? ஸ்பிரிட்டில்தானே! சானிடைசரும் அப்படித்தான். வடித்த தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திர சோப்புத் திரவம் விட்டு, லேபிள் நனையாமல், வரிகளின் போக்கிலேயே மெல்லத் துடைத்து நிழலில் காய வையுங்கள். நம் ஊர் வெயிலில் மொட்டை மாடியில் வைத்தால் வளைந்துவிடும்.

பிற்காலத்து எல்பி தட்டுகளுக்கான ஊசியால் இவற்றை ஓட்டாதீர்கள். இவற்றுக்கான ஊசியோடு ஒப்பிட்டால் அதன் முனை மூன்றில் ஒரு பங்கு பருமன்தான், வரியின் அடியில் விழுந்து இரைச்சலைத்தான் பொறுக்கும். அதைவிட மோசம், பளபளவென்று பித்தளைக் குழலோடு இப்போது விற்கிற புது 'பழைய' கிராமபோன்கள். வரவேற்பறையில் வையுங்கள், அழகாக இருக்கும். அதில் நல்ல ரெக்கார்டை மட்டும் வைக்காதீர்கள்.

பெட்டியில் 1910 ஒன்றுகூட இல்லை. ஆனால் அடியில் ஒரு கொலம்பியா தட்டு கிடைத்தது: டெடி வெதர்ஃபோர்ட் குழு. அமெரிக்கப் பியானோ கலைஞர், போர்க்காலத்தில் கல்கத்தா கிராண்ட் ஹோட்டலில் வாசித்தவர், அங்கேயே பதிவும் செய்தவர், 1945இல் அங்கேயே காலராவில் இறந்தவர். என்னைக் கேட்டால் மொத்தப் பெட்டியிலும் இதுதான் பொக்கிஷம், வயதில் எல்லாவற்றுக்கும் இளையது என்றாலும்.

பேரன் ஸ்பிரிட் போட்ட மூன்றில் அதுவும் ஒன்று.